ஸ்பைன்லெஸ் என்றால் கோழையா? காற்றைப் பார்த்துப் படகைத் திருப்பியவரை அப்படிச் சொல்லலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய சித்தப்பா நாட்டுப்படகு வைத்திருப்பவர். ஒரு நாள் காற்றின் போக்குப் பிடிக்காமல் வலை விடுவதற்கு முன்பே படகைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் போன மற்ற படகுகள் மீனோடு வந்தன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமா மகன் குடும்ப வாட்ஸப்பில் சித்தப்பாவை 'ஸ்பைன்லெஸ்' என்று எழுத, வீட்டில் சண்டை. அகராதியைப் புரட்டினால் 'கோழை' என்றும் 'முதுகெலும்பற்ற' என்றும் போட்டிருக்கிறது. உயிரியல் வகுப்பில் கடல் அட்டைக்கும் இதே சொல்லைச் சொல்கிறார்கள். இதற்கு உண்மையில் என்ன பொருள், யாருக்குச் சொல்லலாம் என்பது தம்பியின் கேள்வி.

சண்டையை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் சித்தப்பாவுக்கு அந்தச் சொல் பொருந்தாது. மாமா மகன் ஆங்கிலம் நன்றாகவே எழுதுகிறவராக இருக்கலாம், ஆனால் இந்த இடத்தில் வேறு சொல்லைத் தேடியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒருவரை ஸ்பைன்லெஸ் என்று திட்டுவதற்குச் சில சங்கதிகள் கூடி வர வேண்டும். எது சரி என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக எழுந்து நிற்க வேண்டிய பொறுப்பும் அவரிடம் இருக்கிறது. எதிரே மனிதர்கள் நிற்கிறார்கள்: மேலதிகாரியோ, பணக்காரரோ, கூட்டமோ, சில நேரம் சொந்த மனைவி மக்களோ. அவர்கள் முகம் சுளித்ததும் இவர் மடங்கிப்போகிறார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சொல் பிசகுகிறது. முக்கியமானது எதிரே மனிதர் இருக்க வேண்டும் என்பது. காற்றுக்கும் கடலுக்கும் புலிக்கும் பயப்படுகிறவரை ஆங்கிலக்காரர் வேறு எப்படியாவது கேலி செய்வார், ஸ்பைன்லெஸ் என்று சொல்வது அரிது.

காற்றுக்குப் பயப்படுவது கேலிக்குரியதா என்பதே வேறு கேள்வி. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது கடலுக்குப் போகிறவனை நம் ஊரில் யாரும் வீரன் என்று சொன்னதில்லை. "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்" என்பது 428-ஆவது குறள். இந்தக் குறளை வைத்த அதிகாரத்தின் பெயர் அறிவுடைமை. அன்று மற்ற படகுகள் பத்திரமாகத் திரும்பின என்பதால் சித்தப்பாவின் கணிப்புத் தவறு என்று வேண்டுமானால் வாதாடலாம். கணிப்புத் தவறுவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன.

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். காற்று சரியில்லை என்று ஒரு படகுக்காரருக்குத் தெரிகிறது. முன்பணம் கொடுத்த வியாபாரி, "எல்லாரும் போறாக, ஒனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கிறார். இவருக்கு எதிர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கூட வருகிற நாலு பேருடைய உயிர் தன் பொறுப்பு என்று தெரிந்தும் இன்ஜினைக் கிளப்பிக்கொண்டு போகிறார். கரையில் நிற்கிறவர்களுக்கு இவர் துணிச்சல்காரராகத் தெரிவார். ஸ்பைன்லெஸ் என்ற சொல் இவருக்குத்தான் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். கடலுக்கு அஞ்சாத ஆள், ஒரு வியாபாரியின் முகச்சுளிப்புக்கு அஞ்சிவிட்டார்.

பொறுப்பு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தச் சொல்லை எளியவர்கள் மேல் வீசுவது நம்மவர்களிடம் அதிகம் நடக்கிறது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வலைக்குத் தடை இருக்கிறது. இரண்டு படகுகளில் இரட்டைமடி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படகில் கூலிக்குப் போகிற பையனுக்கும் தெரியும், சங்கத் தலைவருக்கும் தெரியும். கூட்டத்தில் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பையன் பேசினால் மறுநாள் வேலை இல்லை, வீட்டில் அடுப்பு எரியாது. தலைவருக்குப் பேசுவதுதான் வேலை, அதற்காகத்தான் மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். தலைவரைச் சொல்லலாம். பையனைச் சொன்னால் சொன்னவருக்குத்தான் அசிங்கம். ஆங்கில நாளிதழ்களில் இந்தச் சொல் யாருக்கு வருகிறது என்று கவனித்தால் இது தெரியும்: அரசுகள், அமைச்சர்கள், நிர்வாகக் குழுக்கள், விளையாட்டு வாரியங்கள், பத்திரிகை ஆசிரியர்கள். அதிகாரம் இருந்தும் உபயோகப்படுத்தாதவர்களுக்கான வசவு இது.

இனி கடல் அட்டைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பைன் என்பதன் மூலம் லத்தீனில் 'ஸ்பீனா'. அதற்கு முதற்பொருள் முள். செடியின் முள்ளும் அதுதான், மீனின் முள்ளும் அதுதான், முதுகுத்தண்டும் அதுதான். மற்ற ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டும், நம் கரையில் தேவையில்லை. சீமைக்கருவேலத்தில் குத்துவதும் முள், சாளையில் தொண்டையில் சிக்குவதும் முள், திருக்கையின் வாலில் இருப்பதும் முள். மீனை அறுத்தால் நடுவில் ஓடுவது நடுமுள். ரோமாபுரிக்காரனும் இராமேசுவரத்துக்காரனும் மீனைப் பிளந்து பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கடலைத் தாண்டிப் போனால் இலங்கைத் தமிழர் மனிதனுடைய முதுகுத்தண்டையே 'முள்ளந்தண்டு' என்கிறார்கள். அங்கே பாடநூலில் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு 'முள்ளந்தண்டிலி' என்று பெயர். ஸ்பைன்லெஸ் என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடைக்காது, ஆனால் விலங்கியலுக்கு மட்டும். யாரையாவது முள்ளந்தண்டிலி என்று திட்டினால் அவர் கோபப்படுவதற்கு முன்னால் விளக்கம் கேட்பார்.

ஆகவே ஆங்கிலத்திலும் ஸ்பைன்லெஸ் மூன்று வேலை பார்க்கிறது. முள் இல்லாத செடிக்குச் சொல்வார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்ற தோட்டக்கலை நிபுணர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாட்டுத் தீவனத்துக்கு ஆகும் என்று முள் இல்லாத கள்ளி வகைகளை உருவாக்கினார். அதற்குப் பெயர் ஸ்பைன்லெஸ் காக்டஸ். நம் பக்கம் வேலியோரம் நிற்கிற சப்பாத்திக்கள்ளியின் சொந்தக்காரச் செடிதான். அந்தக் கள்ளியை யாரும் கேவலப்படுத்தவில்லை. அடுத்தது முதுகெலும்பு இல்லாத பிராணி. மூன்றாவதுதான் வசவு, அது 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. அந்த நூற்றாண்டு பிறக்கும்போதுதான், 1801-இல், பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 'முதுகெலும்பில்லா விலங்குகள்' என்ற வகுப்பைத் தனியாகப் பிரித்து ஒரு நூலே வெளியிட்டார். விலங்குகள் அப்படி இரண்டு சாதியாகப் பிரிந்தபின் மனிதரை அந்தக் கீழ்ச்சாதியில் தள்ளித் திட்டுவது சுலபமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

மன்னார் வளைகுடாவில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். இங்கே 21 தீவுகளைச் சுற்றி இருக்கிற செல்வத்தில் பாதிக்கு முதுகெலும்பு கிடையாது. சங்கு, முத்துச்சிப்பி, நண்டு, இறால், கணவாய், பவளப்பூச்சி, கடல் அட்டை எல்லாம் அந்தக் கூட்டம்தான். பவளப்பூச்சி மாதிரி உயிர் கட்டிய பாறைதான் தீவுகளை அலையிலிருந்து காக்கிறது. மறுபக்கம் சுறாவைப் பாருங்கள். எலும்பு என்று ஒரு துண்டு அதன் உடம்பில் கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. சுறாப்புட்டுச் சாப்பிடும்போது முள் பயம் இல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் விலங்கியல் கணக்கில் சுறாவுக்கு முதுகுத்தண்டு உண்டு, அது முதுகெலும்பிதான்.

கடல் அட்டை இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ஸ்பைன்லெஸ்ஸுக்கு ஒட்டிப் பிறந்த தம்பி மாதிரி கட்லெஸ் என்று ஒரு சொல் உண்டு, குடல் இல்லாதவன் என்று அர்த்தம். அட்டை வகைகளில் சில, ஆபத்து என்று தோன்றினால் தங்கள் குடலையே வெளியே தள்ளிவிடும், பிறகு அது மறுபடி வளரும். ஆக அந்த நேரத்தில் அது ஸ்பைன்லெஸ்ஸும் கட்லெஸ்ஸும் ஒருசேர. இருந்தாலும் 2001-லிருந்து அதைத் தொட்டால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். இத்தனை பாதுகாப்புள்ள கோழை வேறு எங்கே இருக்கிறது?

இப்போது தமிழுக்கு வருகிறேன். 'முதுகெலும்பில்லாதவன்' என்று மேடையிலும் பத்திரிகையிலும் சரளமாக எழுதுகிறோம், யாருக்கும் புரியாமல் போவதில்லை, அதனால் அது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆங்கிலத்தின் வழியாக வந்து குடியேறியது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் பழைய தமிழில் வீரம் முதுகில் குடியிருந்ததில்லை. நெஞ்சில் இருந்தது, மார்பில் இருந்தது. முதுகு என்பது ஓடுகிறவன் காட்டுவது. மார்பில் பட்டது விழுப்புண், முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிலும் புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்தான் என்று புறநானூறு சொல்கிறது. முதுகைப் பற்றி இவ்வளவு கூச்சப்பட்ட மொழியில், முதுகெலும்பைத் தைரியத்துக்கு அடையாளமாக வைப்பது மேற்கிலிருந்து வந்த வழக்கம்தான்.

பேச்சுத் தமிழில் இது இன்னும் தலைகீழ். 'முதுகு வளைஞ்சு வேலை பார்' என்றால் நன்றாக உழை என்று பொருள். 'உடம்பு வளையாதவன்' என்றால் சோம்பேறி. ஆங்கிலத்தில் வளையாத முதுகு பெருமை, நம் வீட்டில் வளையாத முதுகுக்கு அம்மாவிடம் விளக்குமாற்று அடி. உறுப்பு விஷயத்தில் இரண்டு மொழியும் ஒத்துப்போகிற இடம் ஈரல். பழைய ஆங்கிலத்தில் கோழையை வெளிறிய ஈரல்காரன் என்பார்கள், ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தில் அந்த வசவு வருகிறது. நமக்கும் பயம் வந்தால் ஈரக்குலைதான் நடுங்குகிறது.

பேச்சு மாறுகிறவனைத் திட்ட நம்மிடம் எலும்பைவிட நரம்பு அதிகம் உதவுகிறது. 'நரம்பில்லாத நாக்கு எப்படி வேணும்னாலும் பேசும்' என்கிறோம். 'வழவழ கொழகொழ'வென்று பேசுகிறான் என்பதும் உண்டு. கடற்கரையில் சொறி ஒதுங்கிக் கிடப்பதைக் காலால் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொழகொழப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். ஆங்கிலத்திலும் அதே சொறியை, ஜெல்லி மீனை, இந்த வசவுக்குத் துணையாக இழுப்பார்கள்.

அகராதி கொடுக்கிற 'கோழை' ஏன் முழுசாகப் பொருந்தவில்லை என்றால், கோழைக்கு எதிரே எது இருந்தாலும் போதும். இருட்டு, பாம்பு, ஊசி எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் கோழை. பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி எல்லாம் அந்தக் குடும்பம். 'பேடி' என்று பழைய மொழிபெயர்ப்புகளில் பார்ப்பீர்கள். அதைத் தொடாதீர்கள். ஒரு பாலினத்தாரின் பிறப்பையே வசவாக்கும் சொல் அது, இன்றைக்கு எழுதத் தக்கதல்ல. 'வாயில்லாப் பூச்சி' வேறு ரகம், அதில் இரக்கம் கலந்திருக்கிறது. மேலே சொன்ன கூலிப் பையன் வாயில்லாப் பூச்சி. 'விலாங்கு' என்றால் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிறவன். அவனுக்கு முதுகெலும்பு நன்றாகவே இருக்கிறது, அதை எந்தப் பக்கம் வளைத்தால் லாபம் என்று கணக்கும் இருக்கிறது. ஸ்பைன்லெஸ் ஆளுக்கு அந்தச் சாமர்த்தியம் கூடக் கிடையாது.

எனக்குத் தெரிந்து மிக நெருங்கி வருவது 'தலையாட்டி'யும் 'ஆமாஞ்சாமி'யும். 'எடுப்பார் கைப்பிள்ளை'யும் பல இடங்களில் உட்காரும். இவற்றில் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், அவர் சொல்லுக்கு இவர் மடங்குகிறார், அந்த உறவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோபம் தூக்கலாக வேண்டுமென்றால் 'சொரணை கெட்டவன்' என்று போடலாம். ஆனால் அதில் வெட்கமில்லை என்ற வாடை அடிக்கும். ஸ்பைன்லெஸ் ஆள் பல நேரம் உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டேதான் மடங்குகிறார்.

ஆங்கிலத்துக்குள்ளேயே அக்கம்பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லஞ்சத்துக்கு மடங்குகிறவர் வீனல், அவருக்கு விலை இருக்கிறது. ஸ்பைன்லெஸ் ஆள் இனாமாகவே மடங்குவார். அன்பிரின்சிபிள்டு என்றால் கொள்கையே இல்லாதவர், இவருக்குக் கொள்கை உண்டு, வெளியே எடுக்கத்தான் பயம். பீடியை விட நினைத்து விட முடியாதவர் வீக்-வில்டு, அவருடைய சண்டை தன் ஆசையோடு. பியூசிலானிமஸ் என்று ஒரு நெட்டைச் சொல் இருக்கிறது, லத்தீனில் சிறுத்துப்போன உள்ளம் என்று பொருள். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொள்ளுங்கள், வாட்ஸப்பில் எழுதாதீர்கள், திட்டு வாங்கியவருக்கே புரியாது.

வாக்கியத்தில் எப்படி வரும்? ஆளுக்கு முன்னால் வைக்கலாம், 'எ ஸ்பைன்லெஸ் லீடர்'. செயலுக்கும் வைக்கலாம், மழுப்பலான மன்னிப்பு அறிக்கையை, ஒரு தீர்மானத்தை, ஒரு மௌனத்தைக்கூட ஸ்பைன்லெஸ் என்பார்கள். 'டூ ஸ்பைன்லெஸ் டு சே நோ' என்ற அமைப்பு அதிகம் புழங்குகிறது, மறுத்துச் சொல்லத் திராணியில்லாதவர் என்று பொருள். 'இட் வாஸ் ஸ்பைன்லெஸ் ஆஃப் ஹிம் டு கீப் கொயட்' என்றால் ஆளை மொத்தமாகக் கழிக்காமல் அந்த ஒரு செயலை மட்டும் குறை சொல்கிறோம், கொஞ்சம் நாகரிகமான வழி. அழுத்தம் கொடுக்க 'வெரி' போடுவதைவிட 'அட்டர்லி' போடுவது இயல்பு. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்திலோ புகார் மனுவிலோ இந்தச் சொல் வரவே கூடாது, மனு பேசும் விஷயம் மறைந்து வசவு மட்டும் நிற்கும்.

சொல்லைச் சொல்லாமலே அந்தத் திட்டைத் திட்டுவதும் ஆங்கிலத்தில் ஒரு கலை. 1931-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில், பிரதமர் ராம்சே மெக்டொனால்டைத் தாக்கியது இதற்குப் பேர்போன உதாரணம். சிறு வயதில் சர்க்கஸுக்குக் கூட்டிப்போனார்களாம், அங்கே 'எலும்பில்லா அதிசயம்' என்ற காட்சியைப் பார்க்க ஆசைப்பட்டாராம், சின்னப் பிள்ளை பார்க்கக் கூடாத கோரம் என்று பெற்றோர் தடுத்துவிட்டார்களாம். அந்த அதிசயம் ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க 50 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது என்று முடித்தார். நம் நாட்டைப் பற்றி அந்த மனிதர் பேசியதெல்லாம் எனக்கு எரிச்சல்தான், இருந்தாலும் இந்த அடியை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. இங்கேயும் குறி யாரென்று பாருங்கள், பிரதமர்.

தேர்வில் ஒரு சொல் பொருள் கேட்டால் 'உறுதியற்ற, முதுகெலும்பற்ற' என்று எழுதுங்கள், திருத்துகிறவர் எதிர்பார்ப்பது அதுதான். பத்தியை மொழிபெயர்க்கச் சொன்னால் அகராதியை மூடிவிட்டு, அந்த ஆள் யாருக்கு மடங்கினார் என்று பாருங்கள். மேலிடத்துக்கு மடங்கினார் என்றால் 'தலையாட்டி'. பலருடைய இழுப்புக்கும் போனார் என்றால் 'எடுப்பார் கைப்பிள்ளை'. ஒரு நிறுவனத்தையோ அரசையோ சொல்கிறார்கள் என்றால் 'திராணியற்ற' என்பது நன்றாக நிற்கும், நானே அதிகம் எழுதுவது அதைத்தான்.

எதிர்ச்சொல் கேட்டால் மட்டும் ஜாக்கிரதை. 'லெஸ்' போய்விட்டால் 'ஸ்பைனி' என்று எழுதிவிடத் தோன்றும். ஸ்பைனி என்றால் முள் நிறைந்தது, அவ்வளவுதான், தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெஞ்சுரம் உள்ளவரைச் சொல்ல 'ஹேஸ் பேக்போன்' என்றோ, 'ரெசல்யூட்' என்றோ எழுத வேண்டும். நம் சிங்கி இறாலுக்கு ஆங்கிலப் பெயர் ஸ்பைனி லாப்ஸ்டர். மேலெல்லாம் முள், உள்ளே முதுகெலும்பு கிடையாது. அகராதிப்படி அது ஸ்பைனியும் ஸ்பைன்லெஸ்ஸும்தான்.